கை ஓடாத கிட்டாருக்கு ஒரு பட்டறைப் பரிசோதனை

எனக்கு வேலை லாரிப் பட்டறையில். மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லாரிகள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. "அண்ணே, மேடு ஏறமாட்டேங்குது, இழுவையே இல்ல" என்று டிரைவர் வந்து நின்றால் நாங்கள் உடனே எஞ்சினில் கைவைக்க மாட்டோம். ஜாக் போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றிப் பார்ப்போம். பல நேரம் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். எஞ்சின் பாவம், தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுப் போர்ச்சில் கிட்டாரோடு வந்து உட்காரும் பையன்களைப் பார்க்கும்போதும் எனக்கு அந்த லாரிதான் ஞாபகம் வரும். நான் சங்கீதம் படித்தவன் இல்லை. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா குழுவில் நம் ஆட்கள் வேதச் சுலோகத்தை வைத்து டெத் மெட்டல் என்ற முரட்டு ராக் இசை அடிப்பதைக் கேட்டுப் பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை, அவ்வளவுதான். பையன்கள் எல்லோருக்கும் ஒரே புகார்: வேகம் வரவில்லை. எல்லோரிடமும் ஒரே விளக்கம்: கையில் பலம் போதவில்லை, இன்னும் நேரம் போட வேண்டும். ஒருத்தன் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கைக்கு ஸ்பிரிங் கிரிப் வாங்கி பஸ்ஸில் போகும்போதெல்லாம் அமுக்கிக்கொண்டே போனான். அதனால் அவன் கை கெட்டியானது, பிக்கிங், அதாவது பிக் என்ற சின்னத் தகட்டால் கம்பியை மீட்டுவது, அப்படியே இருந்தது.

பெரும்பாலும் கை மெதுவான கை இல்லை, எங்கேயோ பிரேக் பிடிக்கிறது. எங்கே என்பதை அறிகுறியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டாம், உங்கள் புகார் எதுவோ நேராக அங்கே போங்கள். முதல் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

முதலில் மேசையில் தட்டிப் பாருங்கள்

கிட்டாரைக் கீழே வையுங்கள். முன்கையை மேசைமேல் சாய்த்து, பிக் பிடிப்பது போல விரலை மடித்து, மணிக்கட்டிலிருந்து மேசையைத் தட்டுங்கள். போனில் மெட்ரோனோமை (தாளத்துக்கு டிக் டிக் என்று அடிக்கும் ஆப்) நிமிஷத்துக்கு 140 டிக்கில் வைத்து, ஒரு டிக்குக்கு இரண்டு தட்டு. ஏன் இரண்டு என்றால், கை கீழே போய் மேலே வருவது ஒரு தட்டு, ஆனால் கிட்டாரில் அதே போக்குவரத்து ஒரு டவுன்ஸ்ட்ரோக்கும் (கீழ்நோக்கிய அடி) ஒரு அப்ஸ்ட்ரோக்கும் (மேல்நோக்கிய அடி) ஆகிவிடும். ஆக டிக்குக்கு இரண்டு தட்டு என்றால் டிக்குக்கு நான்கு சுரம், நம் கணக்கில் ஒரு 'தகதிமி'. 140 சுலபமாக வந்தால் 150, 160 என்று ஏற்றி, பத்து நொடி இறுக்கம் இல்லாமல் தாங்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். என் போர்ச்சுக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் 160ஐத் தாண்டிவிட்டார்கள், அதாவது நொடிக்குப் பத்துச் சுரத்துக்கும் மேல். மெட்டலில் பாதிப் பாட்டுக்கு அது தாராளம்.

அப்புறம் கிட்டாரை எடுத்து, இடது கையைக் கம்பிகள்மேல் லேசாகப் போட்டுச் சத்தத்தை அடக்கி, ஒரே கம்பியில் கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு வேகம் வருமோ அவ்வளவு அடியுங்கள். சுத்தமாக இருக்கவேண்டும் என்று கவலைப்படாதீர்கள். மேசையில் 170, கம்பியில் 120 என்றால் பிரேக் வலது கையிலும் பிக்கிலும் இருக்கிறது, அடுத்த பகுதிக்குப் போங்கள். கம்பியிலும் 160 வருகிறது, ஆனால் ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்ன வரி) வாசித்தால் சிதறுகிறது என்றால் கம்பி மாற்றமோ இரண்டு கையும் சேராததோ காரணம், அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. மேசையிலேயே 120தான் வருகிறதா? மணிக்கட்டை விட்டு, பூட்டில் சாவியைத் திருப்புவது போல முன்கையை உருட்டித் தட்டிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் முழங்கையிலிருந்து. ஒவ்வொருவருக்கும் ஒன்று ஒத்துவரும்.

"மூணு மாசமா 120லயே நிக்குது அண்ணே"

அதிகம் வருகிற புகார் இதுதான், என்னையும் இரண்டு வருஷம் கட்டிப்போட்டது இதுதான். என்னிடம் இன்னும் அந்த 555 என்ற சின்னப் பாக்கெட் நோட்டு இருக்கிறது: ஒவ்வொரு நாளும் தேதி போட்டு 100, 102, 104 என்று எழுதி, 126 வந்ததும் அங்கேயே பத்துப் பக்கம் ஓடியிருக்கும்.

போனில் ஸ்லோமோஷன் வீடியோ போடுங்கள். போனைத் தொடைக்குப் பக்கத்தில் வைத்து, கம்பிகள் நீளவாட்டில் தெரியும்படி, பிக்கின் நுனியை மட்டும் பாருங்கள். நுனி கம்பியை ஒட்டி இப்படியும் அப்படியும் ஏறக்குறைய ஒரே கோட்டில் போகிறதா, அல்லது ஒவ்வோர் அடிக்கும் கம்பியைவிட்டு எழும்பி எழும்பி விழுகிறதா? இரண்டாவது என்றால் கோழி கொத்துகிற மாதிரி இருக்கும். ஸ்டிரிங் ஹாப்பிங் என்று சொல்வார்கள். பக்கத்துக் கம்பியில் இடித்துவிடுமோ என்ற பயத்தில் கை ஒவ்வோர் அடிக்கும் முன்னாலும் பின்னாலும் குதித்துவிடுகிறது. ஒரு போக்குவரத்தில் முடியவேண்டிய வேலைக்கு இரட்டிப்பு உழைப்பு. கொஞ்ச நேரத்தில் முன்கை கல்லாகிவிடும்.

இதில் சூட்சுமம் என்னவென்றால், 80இல் வாசிக்கும்போது இந்தக் குதியல் ஒரு தொந்தரவும் செய்யாது, அழகாகக்கூட இருக்கும். 80இல் ஆயிரம் முறை செய்து அதையே பழக்கிக்கொள்கிறோம், அப்புறம் 84, அப்புறம் 88. வேகத்தில் ஓடமுடியாத ஓர் அசைவை மெல்ல மெல்ல மெருகேற்றிக்கொண்டே போகிறோம். "மெதுவாக ஆரம்பி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று" என்ற அறிவுரை தப்பு என்று சொல்லமாட்டேன், அது இரண்டாவதாகச் செய்யவேண்டிய வேலை. முதல் வேலை, வேகத்தில் ஓடக்கூடிய அசைவைக் கண்டுபிடிப்பது. அதை வேகத்தில்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஆகவே தலைகீழாகச் செய்யுங்கள். ஒரே கம்பி, ஒரே ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கோடு), மூன்று நொடி முழு வேகம், பத்து நொடி ஓய்வு. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கையில் ஒட்டிய தண்ணீரைப் பக்கவாட்டில் உதறுவது போல ஒரு முறை, சாவியைத் திருப்புவது போல ஒரு முறை. பிக்கைக் கம்பிக்கு நேராக வைக்காமல் அதன் ஓரம் கம்பியை உரசும்படி முப்பது டிகிரி திருப்பி ஒரு முறை. சுண்டுவிரலை கிட்டார் உடம்பில் ஊன்றி ஒரு முறை, எடுத்துவிட்டு ஒரு முறை. சுண்டுவிரலை ஊன்றுவது பாவம் என்று சிலர் சொல்வார்கள், அப்படி ஒன்றும் இல்லை, அழுத்தாமல் இருந்தால் சரி. எப்போதாவது ஒரு முறை கை 'வழுக்கிக்கொண்டு' ஓடும், அதிர்ச்சியாகக்கூட இருக்கும். நிறுத்தி, கை எப்படி இருந்தது என்று பாருங்கள். அந்த நிலையைப் பத்தில் ஏழு முறை பிடிக்க முடிந்தபிறகு, அதே அசைவை மெதுவாக்குங்கள். வேகம் குறையும்போது பழைய கோழி திரும்பி வருகிறதா என்று வீடியோவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிக் எவ்வளவு ஆழம் போகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் பாட்டி பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர், எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறுவதற்கு முன்னால். புதிதாக வெட்ட வந்தவர்களைப் பார்த்து அவர் சொல்வாராம், "பட்டையத்தான் சீவணும், மரத்த இல்ல." கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அடுத்த முறை அங்கே கத்தி ஓடாது. தாளாகச் சீவினால்தான் கோட்டில் பால் சீராக இறங்கும். பிக்கும் அப்படித்தான். நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் கம்பியைத் தொட்டால் போதும், அதற்குமேல் போனால் ஒவ்வோர் அடியும் சேற்றில் கால் வைத்து எடுப்பது போல. எவ்வளவு போகிறது என்று தெரியவேண்டுமா, பிக்கின் முனையில் மார்க்கர் பேனாவால் நன்றாக மை பூசி, காயவிட்டு, ஒரு நிமிஷம் டிரெமலோ (ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப) அடித்துவிட்டுப் பாருங்கள். மை தேய்ந்த இடம்தான் உங்கள் ஆழம். ஒரு பையனுக்குப் பிக்கில் பாதி வரை மை போயிருந்தது. வாயே திறக்காமல் பிக்கை விரலுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான், அன்றே பத்துப் பதினைந்து ஏறியது.

"ஒரே கம்பியில பறக்குது, கம்பி மாறும்போது இடிக்குது"

பிக் கம்பிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது. நிறைய பேர் வருஷக்கணக்கில் இதைத் திறமைக் குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இது வெறும் பாதைப் பிரச்சினை.

டிரோய் கிரேடி என்ற அமெரிக்கர் வேகமாக வாசிக்கும் கிட்டாரிஸ்டுகளின் வலது கையைக் கேமராவால் மிக நெருக்கமாகப் படம்பிடித்து, இதை விளக்கிக் காட்டினார். அவர் சொன்னதைப் பட்டறைத் தமிழில் சொன்னால்: பிக் கம்பிகளுக்கு இணையாகத் தட்டையாகப் போய் வருவதில்லை, கொஞ்சம் சாய்வான பாதையில் போகிறது. ஒரு பக்கம் போகும்போது கம்பிகளுக்கு இடையே புதைகிறது, திரும்பி வரும்போது காற்றில் வெளியே வருகிறது. சிலருக்கு அப்ஸ்ட்ரோக்கில் வெளியே வரும், சிலருக்கு டவுன்ஸ்ட்ரோக்கில். வெளியே வந்திருக்கும் நேரத்தில் கம்பி மாறினால் தடையே இல்லை. புதைந்திருக்கும் நேரத்தில் மாற நினைத்தால் நடுவில் ஒரு கம்பி சுவர் மாதிரி நிற்கிறது, அதைத் தாண்டக் கை குதித்தே ஆகவேண்டும்.

சுவீடன்காரர் யிங்வி மால்ம்ஸ்டீனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிக் அப்ஸ்ட்ரோக்கில் வெளியே வருகிற வகை. ஆகவே ஒரு கம்பியில் டவுனில் ஆரம்பித்து இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப்படையில் முடித்து, கடைசி அடி அப்ஸ்ட்ரோக்காக இருக்கும்போது மாறுகிறார். ஒற்றைப்படையில் சுரம் வந்து, மெல்லிய கம்பிப் பக்கம் போகவேண்டும் என்றால் அதே டவுன்ஸ்ட்ரோக்கை அடுத்த கம்பிவரை இழுத்துவிடுவார். எதிர்ப்பக்கம் போகவேண்டும் என்றால் ஒரு சுரத்தைப் பிக்கால் அடிக்காமல் இடது விரலால் சுண்டிவிடுவார். கேட்பவருக்கு எல்லாமே அடித்த மாதிரிதான் இருக்கும். "அப்ப அவர் ஏமாத்துறாரா?" என்று ஒருத்தன் கேட்டான். இல்லைடா, ரோட்டில் பள்ளம் இருக்கும் இடம் தெரிந்தவன் அதன்மேல் ஓட்டமாட்டான்.

உங்கள் வகை எது என்று பார்க்க இரண்டே நிமிஷம் போதும். பக்கத்துப் பக்கத்துக் கம்பி இரண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் நான்கு அடி, மாறி மாறி. முதலில் டவுனில் ஆரம்பியுங்கள், அப்படியென்றால் கம்பி மாறுவதற்கு முந்தைய அடி அப். அடுத்து அப்பில் ஆரம்பியுங்கள், இப்போது கடைசி அடி டவுன். இரண்டையும் உங்கள் உச்ச வேகத்துக்குப் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒன்று வழுக்கும், மற்றது முட்டும். வழுக்குவது எதுவோ அதுதான் உங்கள் கைக்கு இயல்பான வெளியேற்றம். அதை மாற்ற அடுத்த ஆறு மாதம் போராடாதீர்கள், ரிஃப்பை அதற்கு ஏற்றமாதிரி அடுக்குங்கள். முட்டுகிற இடத்தில் ஆரம்ப அடியைத் திருப்பிப் போடுங்கள், அல்லது ஒரு சுரத்தை ஹேமர் ஆன் (பிக் இல்லாமல் இடது விரலால் தட்டி எழுப்புவது) ஆக்குங்கள், அல்லது அதே சுரம் பக்கத்துக் கம்பியில் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். ஒரு கம்பிக்கு மூன்று சுரம் வைத்து ஏறி இறங்கும் ஸ்கேல்கள் பையன்களைக் கொல்வதற்குக் காரணமே இதுதான், ஒரு மாற்றம் டவுனுக்குப் பின்னால் வரும், அடுத்தது அப்புக்குப் பின்னால். இரண்டு பக்கமும் வெளியேறத் தெரிந்தவனுக்குத்தான் அது சுலபம். அதை முதல் பாடமாகக் கொடுப்பது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"வேகம் இருக்கு, ஆனா மாவு மாதிரி கேக்குது"

டிஸ்டார்ஷனை (சத்தத்தைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) அணையுங்கள். கெயின், அதாவது அந்தக் கரகரப்பின் அளவு, ஏற ஏற எல்லாச் சத்தமும் ஒரே உயரத்துக்கு அமுக்கப்படும், பலமாக அடித்ததும் மெலிதாக அடித்ததும் ஒன்றாகிவிடும், தப்பு ஒளிந்துகொள்ளும். கிளீன் சத்தத்தில் பதிவு செய்து கேட்டால் வயிறு கலங்கும், பரவாயில்லை, எல்லோருக்கும் அப்படித்தான். சுரத்துக்கு முன்னால் 'டிக்' என்று செத்த சத்தம் வந்தால் இடது விரல் ஃப்ரெட்டுக்குப் போவதற்குள் பிக் அடித்துவிட்டது. சுரம் பாதியில் அறுந்தால் விரல் சீக்கிரம் எழுந்துவிட்டது. பெரும்பாலும் முதல் வகை.

இதற்கு நம்மிடம் ஒரு மருந்து இருக்கிறது, வாய். போர்ச்சுக்கு வருகிறவர்களில் ஒருத்தன் கோயில் திருவிழாவில் உறுமி மேளம் அடிக்கிறவன். உறுமியில் அவனை அசைக்க முடியாது. கிட்டாரில் மட்டும் பதினாறு சுரம் போனதும் எங்கேயிருக்கிறோம் என்று தெரியாமல் போய்விடும். "எண்ணாதடா, சொல்லுடா" என்றேன். ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து எட்டுவரை நான்கு விரல், 'தகதிமி', 'த'வில் மட்டும் பிக்கைக் கொஞ்சம் அழுத்தி அடி, 'த' விழும்போது ஆள்காட்டி விரல் அங்கே இருக்கவேண்டும். நடுவில் உள்ள மூன்றையும் பற்றி நினைக்கவே வேண்டாம். அரை மணி நேரத்தில் அவன் முகம் மாறிவிட்டது. கை எவ்வளவு வேகமாகப் போனாலும் மனசு நான்குக்கு ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள முடியும், அந்த ஒன்றில் இரண்டு கையும் சந்தித்துவிட்டால் நடுவில் இருப்பவை தானாக வரிசைக்கு வந்துவிடும்.

பயிற்சியையும் இப்படியே வெட்டி வெட்டிச் செய்யுங்கள். 'தகதிமி த' என்று ஐந்து சுரம் மட்டும், நீங்கள் அடையவேண்டிய வேகத்தில், கடைசி 'த' டிக்கின்மேல் விழுந்து நிற்கவேண்டும். இரண்டு டிக் சும்மா இருங்கள், மறுபடி. அது பிடிபட்டதும் 'தகதிமி தகதிமி த'. அப்புறம் நான்கு கட்டு. முழு லீட் வரியை 90இல் ஓட்டி ஓட்டி ஏற்றுவதைவிட, துண்டுகளை 160இல் பழகி ஒட்டுவது எனக்குச் சீக்கிரம் பலித்தது. மூன்று மூன்றாக வரும் ரிஃப்புக்குத் 'தகிட'.

குதிரை ஓட்டம் போன்ற கேலப் ரிஃப் அடிக்கும்போது தடுமாறுகிறது என்றால் அதையும் வாயால் சொல்லிப் பாருங்கள்: 'தா தக தா தக'. டவுன், டவுன் அப். பெரும்பாலானவர்களுக்குக் கடைசி 'க', அதாவது அப்ஸ்ட்ரோக், விழுங்கப்பட்டுவிடும். பத்து நிமிஷம் அப்ஸ்ட்ரோக் மட்டுமே அடித்துப் பழகுங்கள், அது டவுன் அளவுக்குச் சத்தம் வரும்வரை. ஐயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் பாஸில் இந்தக் குதிரை ஓட்டத்தைப் பிக்கே இல்லாமல் விரலால் அடிக்கிறார் என்பதை நினைத்தால் நமக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், விடுங்கள்.

பொருளில் கோளாறு இருந்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சாக்காக வைத்துப் பையன்கள் புது கிட்டார் வாங்க ஈப்போவுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பிக் 0.60 மாதிரி மெல்லியதாக இருந்தால் அது வளைந்து நிமிர்வதற்குள் அடுத்த அடி வந்துவிடும். டன்லப்பின் டார்டெக்ஸில் ஊதா நிறம் 1.14, ஜாஸ் 3 என்ற சின்ன பிக் 1.38 மில்லிமீட்டர். இரண்டில் ஒன்றை வாங்கிப் பாருங்கள், கிட்டாரில் இதைவிட மலிவான வைத்தியம் இல்லை. வியர்வையில் வழுக்கினால் பிடிக்கும் இடத்தில் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள்.

டியூனிங்கை டிராப் சி வரை (வழக்கத்தைவிட நன்றாகக் கீழே) இறக்கிவிட்டு 9–42 என்ற மெல்லிய கம்பியே போட்டிருந்தால் தடித்த கம்பி துணி காயப்போடும் கயிறு மாதிரி ஆடும். பிக் திரும்பி வரும்போது கம்பி வேறு எங்கோ இருக்கும். தடித்த 10–52 அல்லது 11–54க்கு மாறுங்கள். பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி மெல்லிய கம்பி போட்டாரே என்று கேட்காதீர்கள், பர்மிங்ஹாமில் இரும்புத்தகட்டு ஆலை வேலையில் இரண்டு விரல் நுனியை இழந்து, பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொண்டு வாசித்த மனிதர் அவர், அவருடைய தேவை வேறு. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த கம்பி இரண்டு மில்லிமீட்டருக்குமேல் தூக்கிக்கொண்டிருந்தால் கடையில் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கம்பி சீக்கிரம் துரு ஏறும், வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒரு துடை துடைத்தால் இரட்டிப்பு நாள் வரும்.

"டவுன்பிக்கிங் ஒரு நிமிஷத்துல கை எரியுது"

மேசைச் சோதனையின் எண் இங்கே நேராகப் பயன்படும். டவுன்பிக்கிங்கில் எல்லாமே டவுன்ஸ்ட்ரோக், ஆகவே ஒவ்வொரு சுரமும் முழுப் போக்குவரத்து, டிக்குக்கு இரண்டு. மேசையில் 170 தாண்டாத கை 200இல் டவுன்பிக் செய்ய முயன்றால் எரியத்தான் செய்யும். மெட்டாலிக்காவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் பெயர் வாங்கியதே இதில்தான், ஆகவே எல்லோருக்கும் ஆசை. எண் போதுமான அளவு இருந்தும் எரிகிறது என்றால், திரும்பி வரும் வழியைப் பாருங்கள். கை கம்பியை அடித்துவிட்டுப் பெரிதாக வட்டம் போட்டு வருகிறதா? கம்பிக்கு மேலே ஒரு விரற்கடைக்கும் குறைவாக எழும்பினால் போதும். தோள் மேலே தூக்கியிருக்கிறதா? மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறீர்களா? சிரிக்காதீர்கள், பத்தில் ஆறு பேர் அடக்கிக்கொள்கிறார்கள். அரை நிமிஷம் வாசித்து அரை நிமிஷம் ஓய்வு, ஒரு நாளைக்கு ஐந்தாறு சுற்று, அதற்குமேல் வேண்டாம்.

முன்கை சூடாவதும் கனப்பதும் உழைப்பு. குத்துவலி, விரல் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற கூச்சம், மறுநாள் காலையிலும் இருக்கும் வலி, இவை வேறு. கிட்டாரைப் பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், அரசாங்கக் கிளினிக்கில் நமக்கு ஒரு வெள்ளிதான். "வலியைத் தாண்டி வாசி" என்று சொல்கிறவன் உங்கள் மணிக்கட்டுக்குப் பணம் கட்டமாட்டான்.

"எவ்வளவு பழகியும் தாளத்துக்குப் பின்னாடியே இருக்கேன்"

புளூடூத் ஹெட்போனா? கழற்றுங்கள். நீங்கள் அடித்த சத்தம் காதுக்கு வருவதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ போய்விடும். 150இல் தகதிமி அடிக்கும்போது ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே நொடியில் பத்தில் ஒரு பங்குதான். வயர் ஹெட்போன் போடுங்கள். கம்ப்யூட்டரில் வாசிப்பவர்கள் பஃபரை (கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 256 அல்லது 128 ஆகக் குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 256 என்பது ஒரு வழிக்கு ஐந்து மில்லிநொடிக்குச் சற்று மேல், அது கைக்குத் தெரியாது. ஒருத்தன் இதனால் ஒரு வருஷம் தன்னைத் தாளம் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"பாம் மியூட் சில சமயம் கட்டையா, சில சமயம் கணகணன்னு"

பாம் மியூட் என்றால் உள்ளங்கையால் கம்பியை லேசாக அடக்கிக்கொண்டே அடிப்பது. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரம், கம்பி பிரிட்ஜிலிருந்து (கிட்டார் உடம்பில் கம்பியைத் தாங்கும் பாகம்) கிளம்பும் இடத்தில் உட்காரவேண்டும். முன்னால் நகர்ந்தால் சுரமே செத்துவிடும், பின்னால் போனால் கணகணக்கும். கம்பி மாறும்போது விரலை மட்டும் நீட்டி எட்டிப்பிடித்தால் கை அந்த இடத்திலிருந்து பிசகும், முன்கையோடு சேர்ந்து நகருங்கள். மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் உள்ளங்கையை அழுத்தினால் சுருதியே ஏறிவிடும். அப்போது குற்றம் டியூனரில் இல்லை, அழுத்தத்தில். நடுவில் இரைச்சல் வந்தால் நாய்ஸ் கேட்டை (இரைச்சலை வெட்டும் கருவி) ஏற்றுவதற்கு முன்னால் கெயினைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.

"வீட்டுல வருது, மேடையில வரல"

டேவானில் (மண்டபத்தில்) ஒரு கல்யாண விருந்து, நம் பையன்கள் இரண்டு பாட்டு போடுவதாக ஏற்பாடு. போர்ச்சில் உட்கார்ந்து 170இல் சுத்தமாக வாசித்தவன் அங்கே நின்றுகொண்டு 140இல் திணறினான். எனக்குப் பின்வரிசையிலிருந்தே காரணம் தெரிந்தது: கிட்டார் முட்டிக்குப் பக்கத்தில் தொங்கியது. உட்கார்ந்து பழகியபோது முன்கை கம்பிகளைச் சந்தித்த கோணம் வேறு, இப்போது வேறு. அவன் கண்டுபிடித்து வைத்திருந்த அசைவு, பிக்கின் சாய்வு, வெளியேறும் பக்கம் எல்லாமே அந்தக் கோணத்தைப் பொறுத்தவை. அதோடு டிரம்ஸ் அடித்தவன் உற்சாகத்தில் வேகத்தை ஏற்றிவிட்டான், ஏர்கான் நேராகக் கைமேல் அடித்தது.

உட்கார்ந்த நிலையில் வாரை மாட்டி, கிட்டார் மடியிலிருந்து எழும்பாத அளவுக்கு இறுக்கி, அப்படியே எழுந்து நில்லுங்கள். கிட்டார் அதே இடத்தில் நிற்கவேண்டும். பார்க்க ஸ்டைலாக இருக்காது, ஜாஸ் வாத்தியார் மாதிரி இருக்கும். பிடிக்கவில்லை என்றால் தொங்கவிட்டே பழகுங்கள், ஆனால் வீட்டிலும் நின்றுகொண்டே பழகுங்கள். பாட்டு 160 என்றால் பயிற்சியில் 170, 175 வரை கையில் இருக்கட்டும், டிரம்ஸ்காரனை நம்பவேண்டாம். மேடைக்கு ஏறுவதற்கு முன்னால் ஆம்ப் இல்லாமல் ஐந்து நிமிஷம் டிரெமலோ, மூன்று நொடி, பத்து நொடி, அதே கணக்கு.

அந்தப் பையன் இப்போது வாரில் பக்கிள் நிற்கவேண்டிய இடத்தில் கறுப்பு வயர் டேப் சுற்றி வைத்திருக்கிறான். டேப் எங்கள் பட்டறையிலிருந்து எடுத்ததுதான், ரோலை இன்னும் திருப்பித் தரவில்லை.